அழத் தெரியாத பிள்ளைக்கு யார் அழுவது?

விசேட தேவையுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு பாடம்



"அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்று நம்ம பெரியவர்கள் சொல்வார்கள். பிரட்டுக்களத்தில் பேர் விடுபட்டால் கணக்கப்பிள்ளையிடம் கேட்கிறோம். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கிலோ குறைந்தால் அங்கேயே நின்று கேட்கிறோம். சம்பளத்தில் ஒரு நாள் பேர் குறைந்தால் ஆபீஸ் வாசலுக்கு வந்து கேட்கிறோம். ஆகவே கேட்பது நமக்குத் தெரியாத வேலை இல்லை.

ஆனால் காது சரியாகக் கேட்காத பிள்ளை, கண் மங்கலான பிள்ளை, நடக்கச் சிரமப்படும் பிள்ளை, பேச்சு வராத பிள்ளை என்று வந்துவிட்டால் கதை மாறிவிடுகிறது. பாடசாலையில் "இந்தப் பிள்ளை வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தலையைக் குனிந்து கொண்டு லயத்துக்குத் திரும்பி வந்து விடுகிறோம். "நம்ம தலையெழுத்து" என்று சொல்லிக்கொள்கிறோம். அந்தப் பிள்ளைக்கு அழவும் தெரியாது, கேட்கவும் தெரியாது. அதற்காக யார் கேட்பது? பெற்றவர்கள்தான் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது, யாரிடம் கேட்பது, கையில் என்ன வைத்துக்கொண்டு கேட்பது என்பதுதான் இந்த இதழின் பாடம்.

1. முதலில் எங்கள் தவறைச் சொல்கிறோம்

சில வருடங்களுக்கு முன், ஒரு சம்பள நாளன்று, கொழுந்து எடுக்கும் ஒரு தாய் எட்டு வயது மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் அறைக்கு வந்தார். "ஐயா, இந்தப் புள்ளைய திரும்பவும் பிள்ளைக்காம்பராவுல விட ஏலுமாங்க? ஸ்கூல்ல சொல்றது ஒண்ணும் வெளங்குதில்லையாம். வீட்டுலயே வச்சிக்கச் சொல்றாங்க" என்றார்.

நாங்கள் என்ன செய்தோம்? பிள்ளையின் வயதைப் பார்த்தோம். "பிள்ளைக்காம்பராவுக்கு வயது கூடிப் போச்சு அம்மா. பாட்டியோட விட்டுட்டுப் போங்க" என்று சொல்லி அனுப்பினோம். ஏன் விளங்கவில்லை என்று கேட்கவில்லை. பாடசாலைக்கு ஒரு தடவை போய்ப் பார்க்கவும் இல்லை. அந்தத் தாயும் சரி என்று போய்விட்டார். எங்களுக்கும் அது ஒரு பெரிய விடயமாகத் தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்து தம்பியின் கிளினிக்குக்கு அந்தப் பிள்ளையும் கூட வந்திருந்தது. தராசுத் தட்டு கைதவறிக் கீழே விழுந்தது. அறையில் இருந்த கைக்குழந்தைகள் எல்லாம் திடுக்கிட்டு அழுதன. இந்தப் பிள்ளை மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. மருத்துவமாது அதைக் கவனித்தார். பின்னால் நின்று கையைத் தட்டிப் பார்த்தார். பிறகுதான் பதுளை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். பிள்ளைக்கு இரண்டு காதிலும் பல வருடமாகச் சீழ். கேட்கும் சக்தி மிகவும் குறைந்திருந்தது. பிள்ளைக்குப் புத்தியில் ஒரு குறையும் இல்லை. மூன்று வருடமாக டீச்சர் சொன்னது அதன் காதில் விழவேயில்லை. அவ்வளவுதான்.

பாடசாலையை மட்டும் குறை சொல்லி நாங்கள் தப்ப முடியாது. பிள்ளையை வீட்டில் வை என்று சொன்னவர்களில் நாங்களும் ஒருவர். அதனால்தான் இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

2. எதைக் கவனிக்க வேண்டும்?

பிள்ளையோடு அதிக நேரம் இருப்பது நீங்கள்தான். ஆகையால் முதலில் கண்டுபிடிக்கக் கூடியவர்களும் நீங்கள்தான். கீழே உள்ளவற்றில் ஒன்றாவது இருந்தால் தோட்ட வைத்திய அதிகாரியிடமோ மருத்துவமாதுவிடமோ காட்டுங்கள்.

• பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்புவதில்லை. ரேடியோவுக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொள்கிறது. காதில் சீழ் வடிகிறது. (காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்ற வேண்டாம்.)

• புத்தகத்தை முகத்துக்குக் கிட்ட வைத்துப் பார்க்கிறது. கரும்பலகையில் உள்ளதைப் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுகிறது. பொழுது சாய்ந்தால் தடுமாறுகிறது.

• வயதுக்கு ஏற்ற பேச்சு வரவில்லை. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறது. மற்றப் பிள்ளைகளோடு சேர்வதில்லை. கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை.

• கை, கால் விறைப்பு. அடிக்கடி விழுகிறது. பென்சில் பிடிக்க முடியவில்லை.

• வலிப்பு வருகிறது. அல்லது சில விநாடி அப்படியே வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

• வாய்ப்பாடமாகக் கேட்டால் பதில் சொல்கிறது, எழுத்துக் கூட்டி வாசிக்க மட்டும் முடியவில்லை.

பாடசாலையில் சுகாதாரப் பகுதியினர் வந்து மாணவர்களைப் பரிசோதிக்கும் நாள் உண்டு. சாதாரணமாகத் தரம் 1, 4, 7 போன்ற வகுப்புப் பிள்ளைகளைப் பார்ப்பார்கள். அந்த நாளில் பிள்ளையை மறிக்காமல் அனுப்புங்கள். "டொக்டர் வர்ற நாள், ஊசி போடுவாங்க" என்று பயந்து வீட்டில் வைத்துக்கொள்ளும் பிள்ளைகளில்தான் அதிகமாகப் பரிசோதிக்க வேண்டிய பிள்ளை இருக்கும்.

இன்னொன்று. "செவிடு", "நொண்டி", "மந்தி", "லூசு" என்று பிள்ளையைக் கூப்பிடும் பழக்கத்தை லயத்திலேயே நிறுத்துங்கள். நாம் வீட்டில் ஒரு பட்டப்பேர் வைத்தால் வகுப்பில் நாற்பது பிள்ளைகள் அதையே சொல்வார்கள். பேர் வைத்தது பேர் சொல்லிக் கூப்பிடத்தானே?

3. சட்டம் என்ன சொல்கிறது?

தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பு என்பது யாரும் சும்மா தூக்கிக் கொடுத்ததல்ல. 1907 ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான், தொழிலாளரின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட அறை ஒதுக்கித் தாய்மொழியில் படிப்பிப்பது தோட்டத் துரையின் கடமை என்று ஆனது. அதுவும் 6 வயது முதல் 10 வயது வரைதான். 1977 இலிருந்துதான் தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு வரத் தொடங்கின. நம்ம தாத்தா காலத்தில் பெண் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று கேட்டார்கள். இப்போது அப்படி யாரும் கேட்பதில்லை. அதே மாதிரி, நடக்க முடியாத பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்ற கேள்வியும் போக வேண்டும்.

சட்டங்களை நீங்கள் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. இந்த ஐந்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

ஒன்று: 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம். இது வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம். இதன் 23 ஆம் பிரிவின்படி, இயலாமையைக் காரணம் காட்டி ஒருவரைக் கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதில் பாகுபாடு காட்டக்கூடாது. மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மனுக் கொடுக்கலாம்.

இரண்டு: கட்டாயக் கல்வி ஒழுங்குவிதி. 1998 முதல் 5 வயதிலிருந்து 14 வயது வரை படிப்பு கட்டாயம் என்று இருந்தது. 2016 இல் அது 16 வயது வரை கூட்டப்பட்டது. இது பெற்றோருக்கும் கடமை. "ஸ்கூல்ல வேணாம்னாங்க, அதான் வச்சிக்கிட்டோம்" என்று இருந்துவிட நமக்கும் அனுமதி இல்லை.

மூன்று: உலக நாடுகளின் ஒப்பந்தம். வலது குறைந்தோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதி செய்தது. அதன் 24 ஆம் உறுப்புரை, இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பொதுவான கல்வி முறையிலிருந்து தள்ளி வைக்கக்கூடாது என்கிறது. எல்லாப் பிள்ளைகளோடும் சேர்த்துப் படிப்பிப்பதை உட்படுத்தல் கல்வி என்பார்கள்.

நான்கு: மொழி உரிமை. அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரைப்படி, ஊவாவில் இருக்கும் நாம் அரச உத்தியோகத்தருக்குத் தமிழில் எழுதலாம், தமிழில் பதில் பெறலாம். "சிங்களத்தில் எழுதிக்கொண்டு வா" என்று கடிதத்தைத் திருப்பி அனுப்ப முடியாது.

ஐந்து: தகவல் அறியும் உரிமைச் சட்டம். இது 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம். "எங்கள் வலயத்தில் தமிழ்மொழி மூலம் விசேட கல்வி அலகு உள்ள பாடசாலைகள் எவை? எத்தனை ஆசிரியர்கள் இருக்கிறார்கள்?" என்று எழுதிக் கேட்கலாம். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும்.

4. போகும் முன் ஒரு ஃபைல்

பெற்றோர் பாடசாலைக்கு வெறுங்கையோடு போய் நின்றால் பேச்சு, பேச்சோடு போய்விடும். கையில் ஒரு ஃபைல் இருந்தால் எதிரே இருப்பவரும் பேனாவை எடுப்பார். கடையில் ஒரு மட்டை ஃபைல் வாங்கி இவற்றைப் போட்டு வையுங்கள்.

• பிறப்புச் சான்றிதழும் இரண்டு போட்டோ பிரதியும்.

• குழந்தைப் பருவத்துக் கிளினிக் புத்தகம். பிள்ளை எப்போது உட்கார்ந்தது, எப்போது பேசியது என்பதெல்லாம் அதில் இருக்கும். தொலைத்து விடாதீர்கள்.

• ஆஸ்பத்திரி கிளினிக் அட்டை, டொக்டர் கொடுத்த அறிக்கை. "பாடசாலைக்குக் கொடுக்க ஒரு கடிதம் வேணும் டொக்டர், புள்ளைக்கு என்ன உதவி தேவைன்னு எழுதித் தாங்க" என்று கேட்டு வாங்குங்கள். நோயின் பேர் மட்டும் எழுதிய கடிதத்தை வைத்து டீச்சர் ஒன்றும் செய்ய முடியாது. "முன் வரிசையில் வைக்கவும், முகத்தைப் பார்த்துப் பேசவும்" என்று எழுதிய கடிதம் வேலை செய்யும்.

• பிள்ளையின் கொப்பிகள், வரைந்த படங்கள், தேர்ச்சி அறிக்கை.

• ஒரு சின்னக் கொப்பி. எந்தத் திகதி, யாரைக் கண்டோம், என்ன சொன்னார்கள் என்று எழுதி வையுங்கள். எழுத வராவிட்டால் மூத்த பிள்ளையைக் கொண்டு எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து இந்தக் கொப்பிதான் உங்களுக்குச் சாட்சி.

காது மெஷின், மூக்குக் கண்ணாடி, சக்கர நாற்காலி போன்றவற்றுக்குப் பிரதேச செயலகத்தில் உள்ள சமூக சேவை உத்தியோகத்தரைக் காணுங்கள். குறைந்த வருமானக் குடும்பமாக இருந்தால் மாதக் கொடுப்பனவு கிடைக்குமா என்றும் கேளுங்கள். கிராம சேவகரின் கடிதம் தேவைப்படும். நம்ம ஆட்கள் பலர் தோட்ட ஆபீஸோடு நின்று விடுகிறார்கள். பிரதேச செயலகமும் நமக்கு உரியதுதான்.

5. பாடசாலையில் எப்படிப் பேசுவது?

தனியாகப் போகாதீர்கள். தாயும் தகப்பனும் சேர்ந்து போங்கள். முடியாவிட்டால் மாதர் சங்கத் தலைவியையோ எங்களையோ கூப்பிடுங்கள். பிள்ளைகளை விட்டு வெளியே வரும் நேரத்தில் வாசலில் பிடித்துப் பேச வேண்டாம். முதல் நாளே ஆள் அனுப்பி ஒரு நேரம் கேளுங்கள்.

சண்டைக்குப் போவது போலப் போக வேண்டாம். டீச்சரும் மனுசிதான். ஒரே வகுப்பில் நிறையப் பிள்ளைகள், ஆள் குறைவு, விசேட கல்விப் பயிற்சியும் பலருக்குக் கிடைக்கவில்லை. அதற்காகக் கைகட்டிக் கெஞ்சவும் வேண்டாம். பிச்சை கேட்கப் போகவில்லை. பிள்ளைக்கு உரியதைக் கேட்கப் போகிறோம்.

பேச்சை இப்படித் தொடங்கலாம்:

"டீச்சர், எங்க புள்ளைக்குக் காது கொறைவு. இது டொக்டர் கடிதம். ஆனா படம் பார்த்தா நல்லா வெளங்கிக்கும், கணக்கும் வரும். டீச்சருக்கு அதிகமா கரைச்சல் குடுக்காம என்ன செய்யலாம்னு பேசத்தான் வந்தோம்."

முதலில் பிள்ளையால் முடிந்ததைச் சொல்லுங்கள். பிறகு தேவையைச் சொல்லுங்கள். அதன் பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக் கேளுங்கள். "பார்த்து ஏதாச்சும் செய்ங்க சேர்" என்று பொதுவாகக் கேட்டால் "சரி பார்ப்போம்" என்று பொதுவான பதில்தான் வரும்.

காசு செலவில்லாமல் செய்யக்கூடியவை எத்தனையோ உண்டு.

காது குறைந்த பிள்ளைக்கு: முன் வரிசை இடம், ஜன்னல் பிள்ளையின் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். அப்போதுதான் டீச்சரின் முகத்தில் வெளிச்சம் விழும், வாயசைவு தெரியும். கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசாமல் பிள்ளைகளைப் பார்த்துப் பேச வேண்டும்.

கண் மங்கலான பிள்ளைக்கு: பலகைக்குக் கிட்ட இடம், பெரிய எழுத்து, எழுதுவதை வாயாலும் சொல்வது.

நடக்கச் சிரமப்படும் பிள்ளைக்கு: மேல் கட்டடத்தில் உள்ள வகுப்பைக் கீழே மாற்றுவது. மலசலகூடத்துக்குப் போகக் கைப்பிடி. பொதுக் கட்டடங்களில் இப்படிப்பட்ட வசதி வேண்டும் என்று 2006 இலேயே ஒழுங்குவிதி வந்துவிட்டது. சக்கர நாற்காலியில் வாழ்ந்த அஜித் பெரேரா என்பவர் அதை நடைமுறைக்குக் கொண்டுவர 2009 இல் உயர் நீதிமன்றம் வரை போனார். அரசாங்கம் கட்டித் தரும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. எங்களுக்குத் தெரிந்த ஓர் இடத்தில் அப்பாமார் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரமதானமாகச் சரிவுப் பாதை ஒன்று போட்டார்கள். அவர்கள் முதலில் செங்குத்தாகப் போட்டதால் மழை நாளில் வழுக்கியது, உடைத்துத் திரும்பவும் போட்டார்கள். கணக்கு இதுதான்: ஓர் அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும்.

வலிப்பு வரும் பிள்ளைக்கு: என்ன செய்ய வேண்டும் என்று டீச்சருக்கு எழுதிக் கொடுங்கள். பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். வாய்க்குள் கரண்டி, துணி எதையும் வைக்கக்கூடாது. கையில் இரும்பு, சாவி கொடுப்பதால் பயனில்லை. 5 நிமிடத்துக்கு மேல் நிற்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. பயம் போனால் "இந்தப் பிள்ளை வேண்டாம்" என்ற பேச்சும் பாதி போய்விடும்.

படிப்பில் மெதுவான பிள்ளைக்கு: ஒரு நேரத்தில் ஒரு வேலை, படம், பொருள் காட்டிச் சொல்லிக் கொடுப்பது, எழுதக் கூடுதல் நேரம், பக்கத்தில் ஒரு நல்ல கூட்டாளி.

பரீட்சை பற்றியும் இப்போதே கேளுங்கள். பொதுப் பரீட்சைகளில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரம், எழுத உதவியாளர், பெரிய எழுத்து வினாத்தாள், பிரெய்ல் வினாத்தாள் போன்ற ஒழுங்குகளைப் பரீட்சைத் திணைக்களம் செய்கிறது. அதற்கு வைத்திய அறிக்கைகளோடு அதிபர் மூலம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பரீட்சைக்கு முதல் கிழமை ஓடிப் போய்க் கேட்டால் நடக்காது.

6. "இங்கே முடியாது" என்று சொன்னால்?

கோபப்பட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து விடாதீர்கள். "சரிங்க சேர், அதை எழுதித் தாங்க" என்று மரியாதையாகக் கேளுங்கள். வாயால் "முடியாது" என்று சொல்கிறவர் எழுதச் சொன்னால் யோசிப்பார். எழுதித் தராவிட்டால் நீங்களே ஒரு கடிதம் கொடுங்கள். மாதிரி:

"அதிபர் அவர்களுக்கு,
........ தோட்டம், ........ பிரிவைச் சேர்ந்த எங்கள் மகன் / மகள் ........ தங்கள் பாடசாலையில் சேர்க்க (தொடர்ந்து படிக்க) ........ ஆம் திகதி தங்களைச் சந்தித்தோம். பிள்ளைக்கு ........ குறைபாடு இருப்பதால் முடியாது எனக் கூறப்பட்டது. வைத்திய அறிக்கையின் பிரதி இத்துடன் உண்டு. பிள்ளைக்குத் தேவையான உதவிகள்: 1. ........ 2. ........ 3. ........ தங்கள் முடிவை 14 நாட்களுக்குள் எழுத்தில் அறியத் தருமாறு பணிவாய்க் கேட்டுக்கொள்கிறோம். பிரதி: வலயக் கல்விப் பணிப்பாளர்."

இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் திகதியும் கையொப்பமும் வாங்கி ஃபைலில் வையுங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்த படி, பதுளை வலயக் கல்விக் காரியாலயம். வேறு வலயத்தில் இருப்பவர்கள் தங்கள் வலயத்துக்குப் போகலாம். விசேட கல்விக்குப் பொறுப்பான அதிகாரியைக் கேட்டுக் காணுங்கள். அதற்கு மேல் ஊவா மாகாணக் கல்வித் திணைக்களம். அங்கும் நடக்காவிட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழு. அதற்குப் பதுளையில் பிராந்திய அலுவலகம் உண்டு, தொலைபேசி 1996. தமிழில் முறையிடலாம், செலவில்லை. ஆனால் காலம் முக்கியம். சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் முறையிட்டு விடுங்கள். அடிப்படை உரிமை வழக்குக்கு உயர் நீதிமன்றம் போகும் தவணையும் ஒரு மாதம்தான். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டிருந்தால், விசாரணை நடக்கும் நாட்கள் அந்தத் தவணையில் சேராது. வழக்கறிஞருக்குக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். பிள்ளையை அடிப்பது, கொடுமைப்படுத்துவது என்றால் 1929 க்கு உடனே பேசுங்கள். அது சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம்.

விசேட கல்வி அலகு உள்ள வேறு பாடசாலைக்கு அனுப்பச் சொன்னால், உடனே மறுக்கவும் வேண்டாம், உடனே தலையாட்டவும் வேண்டாம். அங்கே தமிழில் படிப்பிக்கிறார்களா, பஸ் நேரம் என்ன, போய்வர யார், விடுதி உண்டா, ஒரு வருடத்தில் பிள்ளை எவ்வளவு தூரம் முன்னேறும் என்று கேளுங்கள். சில பிள்ளைகளுக்கு அந்த அலகு நல்லதாக இருக்கும். சைகை மொழி தேவைப்படும் பிள்ளைக்கு அது தெரிந்த ஆசிரியர் வேண்டும். ஆனால் முன் வரிசையில் ஓர் இடம் கொடுத்தால் தீரும் விடயத்துக்காக ஒரு பிள்ளையை ஊரை விட்டு அனுப்பத் தேவையில்லை.

7. கேட்டவர்கள் வென்றிருக்கிறார்கள்

"நாம கேட்டு நடக்கவா போகுது?" என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு காலத்தில் புத்தி வளர்ச்சி குறைந்த பிள்ளைகளைப் பாடசாலை மறுக்கலாம் என்று சட்டமே இருந்தது. அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் சங்கமாகக் கூடி 1971 இல் வழக்குப் போட்டார்கள். பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது. 1975 இல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. அதன்படி ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் திட்டம் எழுதப்பட வேண்டும், அதைப் பெற்றோரோடு சேர்ந்து எழுத வேண்டும்.

நம்ம நாட்டிலும் பாருங்கள். குளியாப்பிட்டியில் ஒரு சின்னப் பையனுக்கு எயிட்ஸ் கிருமி இருப்பதாக வதந்தி பரவியது. பையனுக்கு அப்படி ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் அவனைச் சேர்க்கக்கூடாது என்று மற்றப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளையே மறித்தார்கள். விடயம் உயர் நீதிமன்றம் போனது. 2016 இல் நீதிமன்றம், பாகுபாடு இல்லாமல் கல்வி பெறுவது பிள்ளையின் உரிமை என்று ஏற்றுக்கொண்டது. பையன் கண்டியில் ஒரு பெரிய பாடசாலையில் சேர்ந்தான்.

இதில் மற்றப் பெற்றோருக்கும் ஒரு பாடம் உண்டு. "அந்தப் பிள்ளையோடு என் பிள்ளை உட்காரக்கூடாது" என்று சொல்பவர்கள் வெளியூரில் மட்டும் இல்லை, நம்ம லயத்திலும் இருக்கிறார்கள். காது குறைவும் வலிப்பும் தொற்று நோய் அல்ல.

8. அந்தப் பிள்ளை இப்போது

அந்தத் தாய் பதுளைக்கும் பாடசாலைக்குமாக அலைந்ததில் நாலு நாள் பேர் இழந்தார். காதில் சீழ் நிற்க மாதக் கணக்கானது. அதன் பிறகு காது மெஷின் கிடைத்தது. பாடசாலைக்கு நாங்களும் கூடப் போனோம். வகுப்பு டீச்சர் டொக்டரின் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். "அடக் கடவுளே, நான் இந்தப் புள்ளைய எவ்வளவு ஏசியிருக்கேன்" என்றார். அன்றே ஜன்னல் பக்கத்து முன் வாங்கில் உட்கார வைத்தார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத எங்களுக்கும் ஆசைதான். ஆனால் இழந்த மூன்று வருடத்தைப் பிள்ளை இன்னும் எட்டிப் பிடிக்கவில்லை. மெஷினுக்கு பெட்டரி முடிந்தால் சம்பளம் வரும் வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. அடுத்த வருடம் வகுப்பு மாறியது, புது சேர் பிள்ளையைப் பின் வாங்குக்கு அனுப்பிவிட்டார். அவருக்கு யாரும் சொல்லவில்லை. இந்தத் தடவை அந்தத் தாய் எங்களிடம் வரவில்லை. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஃபைலை எடுத்துக்கொண்டு நேரே பாடசாலைக்குப் போயிருக்கிறார். பேசி, முன் வாங்கில் உட்கார வைத்துவிட்டுத்தான் வந்தார். எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

ஆகவே பெற்றோர்களே, ஒரு தடவை கேட்டால் தீர்ந்துவிடாது. வகுப்பு மாறும் போதெல்லாம், டீச்சர் மாறும் போதெல்லாம் திரும்பவும் போய்ச் சொல்ல வேண்டும். கவாத்து வெட்டினால் ஒரு தடவையோடு முடிகிறதா? அது போலத்தான்.

கூடிப் பேசுவதற்கு

மாதர் சங்கக் கூட்டத்திலோ கோயில் கமிட்டிக் கூட்டத்திலோ இந்தப் பக்கத்தை ஒருவர் சத்தமாக வாசித்து, கீழ்க்கண்டவற்றைப் பேசுங்கள்.

1. நம்ம பிரிவில் 5 வயது முதல் 16 வயது வரை பாடசாலை போகாமல் லயத்தில் இருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்? ஏன்?

2. அவர்களில் டொக்டர் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

3. ஒரு தாய் பதுளை கிளினிக்குக்குப் போகும் நாளில் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள யார் முன்வருவீர்கள்?

4. நம்ம பாடசாலையில் படி, மலசலகூடம், பாதை இவற்றில் சிரமதானமாக எதைச் செய்யலாம்?

பதில்களை ஒரு தாளில் எழுதி வெல்பெயர் அறையில் கொடுங்கள். கடிதம் எழுத வேண்டியவர்கள் எந்த நாளும் பின்னேரம் பேர் போட்ட பிறகு வரலாம். இந்தத் தடவை "பாட்டியோட விட்டுட்டுப் போங்க" என்று நாங்கள் சொல்ல மாட்டோம்.